பழைய லேப்டாப்பில் அம்மாவுக்கு ஒரு டாக்

(சங்க அறையில் நடந்த மாலைக் கூட்டத்தில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று திரையில் காட்டியவற்றைப் படிப்பவர்களுக்காகச் சொற்களில் சேர்த்திருக்கிறோம்.)



நோட்டீஸ் போர்டில் ‘டாக் பற்றி ஒரு பேச்சு’ என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, வளாகத்துக்குள் வரும் தெருநாய்கள் விஷயத்தில் இன்றைக்கு முடிவெடுக்கப் போகிறோம் என்று நினைத்துச் சிலர் வந்திருப்பதாகச் செயலாளர் சொன்னார். மன்னிக்க வேண்டும். அது அடுத்த பொதுக்குழுவில். இது கம்ப்யூட்டர் திரையின் அடியில் வரிசையாக ஐகான்கள் உட்கார்ந்திருக்குமே, அந்த டாக். வந்தது வந்துவிட்டீர்கள், டீ வரும்வரையாவது உட்காருங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். 2000 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேக் ஓஎஸ் எக்ஸை மேடையில் காட்டியபோது எல்லோர் கண்ணிலும் முதலில் பட்டது அந்த ஐகான் வரிசைதான். அதற்கும் முன்னால், அவர் ஆப்பிளை விட்டு வெளியே இருந்த காலத்தில் உருவாக்கிய நெக்ஸ்ட்ஸ்டெப்பிலேயே டாக் உண்டு. நான் பேசப் போவது லினக்ஸில் ஓடும் ‘பிளாங்க்’ என்ற சின்ன டாக் பற்றி. பிளாங்க் என்றால் மரப்பலகை. பெயருக்கு ஏற்ற மாதிரி அது ஒரு பலகைதான், அதன்மேல் ஐகான்கள் நிற்கும். ‘டாக்கி’ என்ற பழைய டாக்கை எழுதியவர்கள், அதை இன்னும் எளிமையாக்க வேண்டும் என்று எழுதியது இது.

இது எதற்கு நம் சங்கத்தில் என்று கேட்கலாம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. நம் வளாகத்தில் எத்தனை வீட்டுப் பரண்களில் நல்ல லேப்டாப் சும்மா கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பதினொன்று ஏறாது, பத்துக்குப் பாதுகாப்பு இல்லை. என் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. அதில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டு, சாஃப்ட்வேர் மேனேஜரில் பிளாங்க்கைத் தேடி நிறுவி, அம்மாவிடம் கொடுத்தேன். நிறுவுவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று: ‘செஷன் அண்டு ஸ்டார்ட்டப்’ என்ற இடத்தில் பிளாங்க்கைத் தானாகத் தொடங்கும்படி சேர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் லேப்டாப்பை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் டாக்கைக் காணோம் என்று உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

அம்மாவுக்கு 76 வயது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொரு கண் பாக்கி. லேப்டாப்பில் அவருக்கு வேண்டியது மூன்று விஷயம். காலையில் பேப்பர், மத்தியானம் பழைய படப் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை என் தங்கையோடு வீடியோ கால். நான் என்ன செய்தேன் என்றால், டாக்கின் தீம் பட்டியலில் ‘டிரான்ஸ்பேரண்ட்’ என்று ஒன்று இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். பலகையே தெரியாது, ஐகான்கள் அந்தரத்தில் மிதக்கும். பின்னணியில் பேத்தியின் பள்ளி ஆண்டுவிழாப் படம், இருபது குழந்தைகள் பட்டுப்பாவாடையில். ரொம்ப அழகாக இருந்தது. எனக்கு.

மூன்று வாரம் அம்மா அதைத் தொடவே இல்லை. கேட்டால் ‘சார்ஜ் இல்லைடா’ என்பார். ‘நாளைக்குப் பார்க்கிறேன்’ என்பார். கடைசியில், ‘எனக்கு இதெல்லாம் வராது, நீ வேறு யாருக்காவது கொடுத்துடு’ என்றார். தங்கை இரண்டு ஞாயிறு கூப்பிட்டும் எடுக்கவில்லை. வயதானால் ஆர்வம் குறைந்துவிடுகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் தற்செயலாகப் பின்னால் நின்று பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அம்மா ஐகானைப் பார்க்கவே இல்லை, எண்ணுகிறார். திரையில் விரலை வைத்து, ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று இடப்பக்கத்திலிருந்து எண்ணி, மூன்றாவதில் க்ளிக் செய்கிறார். முதல் நாள் நான் சொல்லிக் கொடுத்தபோது வீடியோ கால் மூன்றாவது இடத்தில் இருந்தது. அடுத்த வாரம் நான் இடையில் ஒரு கால்குலேட்டரைச் சேர்த்தேன். எண்ணிக்கை மாறிவிட்டது. வேறு எதுவோ திறந்தது. தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்து மூடி வைத்துவிட்டார். என்னிடம் சொல்லவும் கூச்சம்.

புரை உள்ள கண்ணில் எழுத்து மங்குவது மட்டும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நிறங்களைப் பிரித்துப் பார்க்கும் திறன் குறையும். விழிவில்லை மஞ்சளாகிப்போவதால் நீலங்கள் எல்லாம் அழுக்கு நிறமாகத் தெரியும். வெளிச்சம் கூசும். அந்தக் கண்ணுக்குப் பட்டுப்பாவாடைகளுக்கு நடுவில் ஒரு நீல ஐகான் எப்படித் தெரியும்? ஐகானைப் பெரிதாக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். அதையும் செய்தேன். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு டாக்கின்மேல் வலது க்ளிக் செய்தால் ‘பிரிஃபரன்சஸ்’ வரும். அதில் ஐகான் அளவை 128 வரை ஏற்றலாம். அம்மாவுக்கு 96 வைத்தேன். பெரிய ஐகான், அதே குழப்பம். தெரிய வேண்டியது ஐகானுக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வித்தியாசம். அந்தப் பின்னணிதான் தீம்.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஐகான்களின் படம் டாக் தீமில் வராது. அது ஐகான் தீம் என்று தனி, சிஸ்டம் முழுக்கப் பொருந்தும். டாக் தீம் என்பது பலகையின் நிறம், விளிம்பு, இடைவெளி, அசைவு, அவ்வளவுதான். பிளாங்க்கில் அது ஒரே ஒரு ஃபைல். ‘டாக்’, புள்ளி, ‘தீம்’ என்று ஆங்கிலத்தில் பெயர். உள்ளே படம் கிடையாது, புரோகிராம் கிடையாது. பெயர், சமக்குறி, எண். கேஸ் பில் படிக்கத் தெரிந்தால் இதையும் படிக்கலாம்.

இணையத்தில் தீம் இறக்கினால் ஒரு ஜிப் வரும். அதைப் பிரித்தால் ஒரு ஃபோல்டர், அதற்குள் இந்த ஃபைல். சிலவற்றில் ‘ஹோவர்’ என்று இன்னொரு தீம் ஃபைலும் இருக்கும், அது ஐகானின் பெயர் மேலே எழும்பிக் காட்டுகிறதே, அந்தப் பெட்டிக்கு. அந்த ஃபோல்டரை எங்கே வைப்பது? உங்கள் ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்துங்கள். மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். புள்ளியில் தொடங்கும் ‘லோக்கல்’, அதற்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘பிளாங்க்’, அதற்குள் ‘தீம்ஸ்’. கடைசி ஃபோல்டர் இல்லையென்றால் நீங்களே உருவாக்கலாம், எல்லாம் சின்ன எழுத்தில். அங்கே வைத்தால் பிரிஃபரன்சஸ் பட்டியலில் அந்த ஃபோல்டரின் பெயரே தீமின் பெயராக வந்துவிடும். நிறையப் பேர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்: ஜிப்பைப் பிரிக்கும்போது ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் உருவாகிவிடும். பட்டியலில் தீம் வரவில்லை, அல்லது வந்தும் ஒன்றும் மாறவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

ஆனால் நான் எதையும் இறக்கவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பிளாங்க்கோடு வரும் தீம்கள் கம்ப்யூட்டரின் அடிப்படை ஃபோல்டரில், ‘யுஎஸ்ஆர்’ என்பதற்குள் ‘ஷேர்’, ‘பிளாங்க்’, ‘தீம்ஸ்’ என்ற வரிசையில் இருக்கும். அங்கிருந்து ‘டிஃபால்ட்’ என்ற ஃபோல்டரைக் காப்பி எடுத்து, நம் ஹோமில் உள்ள தீம்ஸ் ஃபோல்டரில் ஒட்டி, ஆங்கிலத்தில் ‘அம்மா’ என்று பெயர் மாற்றினேன். மூலத்தில் கை வைக்காதீர்கள். அதற்கு அட்மின் பாஸ்வேர்டு கேட்கும், அடுத்த அப்டேட்டில் நீங்கள் செய்ததும் போய்விடும்.

நான் மாற்றியது ஏழு வரி. முதல் இரண்டு ‘ஃபில் ஸ்டார்ட் கலர்’, ‘ஃபில் எண்ட் கலர்’. பலகையின் மேல்நிறம், அடிநிறம். இரண்டும் வேறாக இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குச் சாய்ந்து இறங்கும். நான் இரண்டிலும் ஒரே கருநிறம் கொடுத்தேன். நிறத்துக்கு நான்கு எண்கள்: சிவப்பு, பச்சை, நீலம், நான்காவது எவ்வளவு கெட்டியாக என்பது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. அம்மாவுக்கு 20, 20, 20, 255. கடைசி 255 முக்கியம். அது குறையக் குறையப் பட்டுப்பாவாடை பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். இந்த நான்கு எண்களுக்கும் நடுவில் காற்புள்ளி இல்லை, இரண்டிரண்டு அரைப்புள்ளிகள் போட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அந்த வரி வேலை செய்யாது. அரை மணி நேரம் நான் தேடியது அதைத்தான்.

மூன்றாவது ‘அவுட்டர் ஸ்ட்ரோக் கலர்’, வெளி விளிம்பு. 255, 210, 0, 255, அதாவது நல்ல மஞ்சள். நான்காவது ‘லைன் விட்த்’, அந்த விளிம்பின் தடிமன். 3 வைத்தேன். கறுப்புப் பலகை, மஞ்சள் கரை. என் மனைவி பார்த்துவிட்டு ஆட்டோ மாதிரி இருக்கிறது என்றார். இருக்கட்டும், ஆட்டோவுக்கு ஏன் அந்த நிறம் என்று யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது.

நிறம் மாற்றியும் முதலில் பலன் இல்லை. காரணம் ஐந்தாவது வரி, ‘டாப் பேடிங்’. டிஃபால்ட் தீமில் இது மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் என்றால் பலகை தாழ்வாக இருந்து ஐகான்கள் அதற்கு மேலே எழும்பி நிற்கும், அலமாரித் தட்டில் பொம்மை வைத்த மாதிரி. பார்க்க லட்சணம்தான். ஆனால் ஐகானுக்குப் பின்னால் இருப்பது பலகை இல்லை, பழையபடி ஆண்டுவிழாப் படம். அதை 1 என்று மாற்றியதும் பலகை மேலே ஏறி, ஐகான்கள் முழுக்கக் கறுப்புக்குள் வந்தன. இந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் மாற்றியது. இடைவெளிக்கான எண்கள் எல்லாம் ஐகானின் அளவை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. 1 என்றால் ஐகானில் பத்தில் ஒரு பங்கு. ஐகானைப் பெரிதாக்கினால் இடைவெளியும் கூடவே வளரும்.

ஆறாவது ‘ஐட்டம் பேடிங்’, ஐகானுக்கும் ஐகானுக்கும் நடுவில். இரண்டரையிலிருந்து 4 ஆக்கினேன், கை நடுங்கினால் பக்கத்து ஐகானில் படாமல் இருக்க. ஏழாவது ‘இண்டிகேட்டர் சைஸ்’. திறந்திருக்கும் ஐகானுக்கு அடியில் ஒரு சின்ன ஒளி தெரியுமே, அது. 5-ஐ 7 ஆக்கினேன்.

சேமித்துவிட்டுப் பிரிஃபரன்சஸில் தீமைத் தேர்ந்தெடுங்கள். மாறியது தெரியவில்லையென்றால் வேறு தீமுக்குப் போய்த் திரும்பி வாருங்கள்.

எட்டாவதாக ஒரு வரியையும் மாற்றினேன், அது தவறு. ‘லாஞ்ச் பவுன்ஸ் ஹைட்’ என்று ஒன்று. ஐகானை க்ளிக் செய்ததும் அது ஒரு துள்ளு துள்ளும், எவ்வளவு உயரம் என்பது இந்த எண். வயதானவர்களுக்கு எதற்கு இந்தத் துள்ளல், கண்ணை உறுத்தும் என்று நானே தீர்மானித்து 0 ஆக்கிவிட்டேன். மறுநாள் பார்த்தால் வீடியோ கால் போக வேண்டிய பிரவுசர் நான்கு முறை திறந்து லேப்டாப் திணறிக்கொண்டிருக்கிறது. பழைய லேப்டாப், பிரவுசர் திறக்க ஏழெட்டு விநாடி ஆகும். க்ளிக் செய்தோம், எதுவும் அசையவில்லை, படவில்லை போலும் என்று அம்மா திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார். லிஃப்ட் பட்டனை நாம் அழுத்துகிற மாதிரி. துள்ளலைத் திரும்ப வைத்ததும் ஒரு க்ளிக்கோடு நின்றது. நான் அலங்காரம் என்று நினைத்தது அவருக்குப் பதிலாக இருந்திருக்கிறது. தீமில் எதையாவது எடுக்கும் முன்னால் பயன்படுத்துபவரைக் கேளுங்கள்.

தீமில் சேராத மூன்று விஷயங்களையும் பிரிஃபரன்சஸில் சரிசெய்தேன். ஜன்னல் மேலே வந்தால் டாக் தானாக மறையும், அதை நிறுத்தினேன். கிட்டே போனால் ஐகான் உப்பும் ‘ஜூம்’ பார்க்க நன்றாக இருக்கும், நடுங்கும் கைக்கு அது ஓடும் பந்து, வேண்டாம். மூன்றாவது, ஐகான்களைப் பூட்டி வைத்தேன். பூட்டாவிட்டால் ஐகானை இழுத்து வெளியே விட்டதும் ‘புஸ்’ என்று புகையாகிப் போய்விடும். புரோகிராம் போகாது, ஐகான் மட்டும்தான். ஆனால் வீடியோ கால் புகையாகிப் போவதைப் பார்த்த அம்மாவுக்கு அந்த வித்தியாசத்தை விளக்க முடியாது.

இப்போது நான் ஏன் இறக்கவில்லை என்பது. தீம் என்றால் வெறும் அழகு, அதில் என்ன ஆபத்து என்று நினைக்கிறோம். 2009 டிசம்பரில், லினக்ஸ் தீம்களுக்குப் பேர்போன க்னோம்-லுக் தளத்தில் அருவி ஸ்கிரீன்சேவர் என்று ஒன்று போட்டிருந்தார்கள். நிறுவினால் அருவி வராது, வேறு யாரையோ தாக்கும் கூட்டத்தில் உங்கள் கம்ப்யூட்டரும் சேர்ந்துவிடும். அது கெட்ட எண்ணத்தில் செய்தது. 2024 மார்ச்சில் நடந்தது எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல். கேடிஇ என்ற டெஸ்க்டாப்புக்கான ஒரு ‘குளோபல் தீம்’ நிறுவிய ஒருவருக்கு, அவருடைய சொந்த ஃபைல்கள் எல்லாம் அழிந்துபோயின. அந்த வகைத் தீமுக்குள் புரோகிராமும் ஓடலாம், அதில் ஒரு பிழை. கேடிஇ குழுவே வெளிப்படையாக எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

அதனால் பிளாங்க் தீம் என்று ஜிப் வந்தால் திறந்து பாருங்கள். உள்ளே இருக்க வேண்டியது எண்கள் உள்ள ஃபைல் மட்டும். கூடவே நிறுவுவதற்கு என்று ஒரு ஸ்கிரிப்ட், ‘டெப்’ என்று முடியும் ஒரு பேக்கேஜ், அல்லது டெர்மினலில் ஒட்டச் சொல்லி ‘சூடோ’ என்று தொடங்கும் வரி, இதில் எது இருந்தாலும் மூடிவிடுங்கள். ஒரு பலகைக்கு நிறம் பூச வந்தவர் பீரோ சாவியைக் கேட்டால் கொடுப்பீர்களா? நம் வீட்டு லேப்டாப்பில்தான் பென்ஷனும் பேங்கும் இருக்கிறது.

கூட்டத்தில் கேட்ட இரண்டு கேள்விகளையும் சேர்த்துவிடுகிறேன். ஏ பிளாக் மேடம் தன் லேப்டாப்பில் டாக்குக்குச் சற்று மேலே குறுக்கே ஒரு மெல்லிய கோடு வருகிறது, எந்தத் தீம் போட்டாலும் போகவில்லை என்றார். அது தீமில் இல்லை. எக்ஸ்எஃப்சிஇ டாக்குக்கும் நிழல் போடுகிறது, அந்த நிழலின் ஓரம்தான் கோடு. ‘விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்’ திறந்து, ‘கம்பாசிட்டர்’ பகுதியில் டாக் ஜன்னல்களுக்கு நிழல் என்ற டிக்கை எடுங்கள்.

மொட்டைமாடிக் குழுவில் இருக்கும் தம்பி, தன் உபுன்டுவில் இடப்பக்கம் டாக் இருக்கிறதே, அதற்கும் இதே ஃபைல்தானா என்று கேட்டார். இல்லை, அது வேறு டாக். இன்னொன்றும் உண்டு. ‘வேலண்ட்’ என்ற புதிய ஏற்பாட்டில் ஓடும் டெஸ்க்டாப்களில் பிளாங்க் சரியாக வேலை செய்யாது, பழைய எக்ஸ் 11 முறையில்தான் ஓடும். லாக்இன் திரையில் எக்ஸ் 11 செஷனைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் முயன்று பாருங்கள். மின்ட் எக்ஸ்எஃப்சிஇ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இப்போதைக்கு இல்லை.

அம்மா இப்போது எண்ணுவதில்லை. போன ஞாயிறு நான் வெளியே போயிருந்தபோது தானே தங்கையைக் கூப்பிட்டிருக்கிறார். நான் திரும்பி வந்ததும் சொன்னது ஒன்றுதான்: ‘அந்த மஞ்சள் கொஞ்சம் கண்ணைக் கூசுதுடா, குறைச்சு விடு.’ 255, 210 என்பதை 220, 180 என்று மாற்றியிருக்கிறேன். இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இப்படி ஒன்று அமைக்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 மணிக்கு மேல் சங்க அறையில் இருப்பேன். லேப்டாப்பை மட்டும் கொண்டுவர வேண்டாம், அதைப் பயன்படுத்தப் போகிறவரையும் அழைத்து வாருங்கள், அவர் போடும் கண்ணாடியோடு. சார்ஜரையும் மறக்காதீர்கள், அறையில் ஒரு பிளக் பாயிண்ட்தான் வேலை செய்கிறது.